வண்டியும் கூண்டும்

என் பாட்டனார் வீட்டில் ஒரே ஒரு மாட்டுவண்டி இருந்தது. தை மாதத்தில் அது நெல்மூட்டைகளைச் சுமக்கும். கோடை முடிவில் கழனிக்கு எரு அடிக்கும். சித்திரைத் திருவாதிரையை ஒட்டி ஸ்ரீபெரும்புதூரில் உடையவர் உற்சவம் நடைபெறும் அல்லவா? அதற்குக் குடும்பத்தோடு புறப்படும் நாளில், தாழ்வாரத்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மூங்கிற் கூண்டை இருவர் தூக்கி வந்து வண்டியின்மேல் அமர்த்தி, முளைக்குச்சிகளோடு சேர்த்துக் கயிற்றால் இறுகக் கட்டுவார்கள். உள்ளே வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரிப்பார்கள். நேற்று எரு சுமந்த வண்டி, இன்று பெண்டிரும் பிள்ளைகளும் ஏறிச் செல்லும் கூண்டுவண்டி ஆகிவிடும். அச்சும் அதுவே, சக்கரங்களும் அவையே, மாடுகளும் அவையே. மேலே இருப்பது மட்டுமே வேறு.

எங்கள் ஊர்த் தச்சர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: "கூண்டை ஒரு பகலில் பின்னிவிடலாம், சக்கரத்துக்கு மரம் உலரவே ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும்." சிறுவனாக இருந்தபோது இந்தச் சொல்லை நான் பொருட்படுத்தவில்லை. ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் உழைத்து, ஓய்வும் பெற்ற பிறகுதான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று. விளங்க வைத்ததோ, சற்றும் எதிர்பாராத ஒரு பொருள். அது படைகள் பயன்படுத்தும் ஒருவகைக் கவச வண்டி.

தலைமையாசிரியனாக இருந்தவனுக்குப் படைவண்டியோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். நான் வாழும் இடம் ஒரகடத்துக்கு அருகில் உள்ளது. 1983-ஆம் ஆண்டு நான் ஆசிரியப் பணியில் சேர்ந்தபோது, ஏரிகளும் நெற்கழனிகளும் நிறைந்த நாடாக அது விளங்கியது. இன்று அதன் வழியே செல்பவர் காண்பது வண்டிகள் பிறக்கும் நாடு. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் நிறுவனத்தின் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-இல் ரெனால்ட்-நிசான் தொழிற்சாலையும், 2012-இல் டைம்லர் நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. அப்போலோ நிறுவனத்தார் அங்கே டயர் செய்கின்றனர். கார்களைச் சுவரில் மோதவிட்டு, உள்ளே இருப்பவருக்கு என்ன நேரும் என்று ஆராயும் அரசுச் சோதனை மையமும் அங்கே உண்டு. வடக்கே சிறிது தொலைவில் உள்ள ஆவடியிலோ டாங்கிகள் செய்கின்றனர். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பேசுவதெல்லாம் எஞ்சின், கியர், அச்சு என்பனவே. என்னிடம் படித்தவர்கள் வழியாகவே இப்பொருளை நானும் கற்றேன்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடுவோம். கவச வண்டி என்றதும் நம் மனக்கண்முன் வருவது, இரும்புப் பட்டைகளின்மேல் உருண்டு செல்லும் டாங்கி. அஃது 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், பிரான்சு நாட்டின் சோம் போர்முனையில் முதன்முதலாகக் களம் புகுந்தது. சேற்றிலும் பள்ளத்திலும் சக்கரம் புதைந்துபோகும்; பட்டையோ பாரத்தை அகலப் பரப்பிச் செல்லும். நெல் காயவைத்த களத்தில் குதிகால் அழுந்த நடப்பதற்கும், பலகையைப் போட்டு அதன்மேல் நடப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஆனால் பட்டைக்கும் குறைகள் உண்டு. நெடுவழி சென்றால் அது தேயும், எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும், சாலையையும் சிதைக்கும். ஏறத்தாழ 68 டன் எடையுள்ள அர்ஜுன் டாங்கியை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டுமானால், அது தானே ஓடிச் செல்வதில்லை. ரயிலிலோ பெரிய இழுவண்டியிலோ ஏற்றித்தான் செல்ல வேண்டும்.

சக்கரங்கள் கொண்ட கவச வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. எட்டுச் சக்கரங்கள், எட்டுக்கும் எஞ்சினின் ஆற்றல் செல்லும். ஒன்றிரண்டு சிதைந்தாலும் எஞ்சியவற்றால் நகரும். காற்று இறங்கிய டயரின் உள்ளே உறுதியான வளையம் ஒன்று இருப்பதால், அந்த நிலையிலும் சில காதம் ஓடித் தப்பலாம். மணற்பாங்கான இடம் வந்தால், ஓட்டுபவர் தம் இருக்கையில் இருந்தவாறே டயர்களின் காற்றைக் குறைத்துக்கொள்வார். சாலை வந்ததும் ஏற்றிக்கொள்வார். 1999-ஆம் ஆண்டு ஜூன் மாதம், போஸ்னியாவில் இருந்த ரஷ்யப் படையினர் ஏறத்தாழ 200 பேர் சக்கரக் கவச வண்டிகளில் ஏறி விரைந்து, நேட்டோப் படைகள் வந்து சேருமுன்னரே கொசோவோவின் பிரிஷ்டினா விமான நிலையத்தை அடைந்துவிட்டனர். வலிமை மிக்க டாங்கிகளைவிட, வேளைக்கு வந்து சேர்ந்த வண்டிகளே அன்று பயன்பட்டன. அமெரிக்கப் படையும் அந்தக் காலத்திலேயே சக்கர வண்டிகளை நாடியது. சுவிட்சர்லாந்தின் பிரானா என்னும் வண்டியின் வழித்தோன்றலான ஸ்ட்ரைக்கர், 2002-இல் அந்தப் படையில் சேர்ந்தது.

இனி, மாட்டுவண்டியை எனக்கு நினைவூட்டிய வண்டிக்கு வருகிறேன். அதன் பெயர் பாக்ஸர். ஜெர்மனியும் நெதர்லாந்தும் சேர்ந்து செய்வித்தது. ஏனைய கவச வண்டிகளிலிருந்து அது வேறுபடுவது ஒரே ஒரு கூறில்தான்: அது இரண்டு துண்டுகளால் ஆனது. கீழே இருப்பதை அடிவண்டி என்போம். எட்டுச் சக்கரங்கள், எஞ்சின், கியர்ப்பெட்டி, ஓட்டுபவர் அமரும் இடம் ஆகிய யாவும் அதில் அடங்கும். பின்பாதியில் மேலே அமர்வதை மேற்கூடு என்போம். படைவீரர் அமரும் மேற்கூடு ஒன்று. காயமுற்றோரைக் கிடத்திச் செல்லும் மேற்கூடு ஒன்று. தளபதி வரைபடம் விரித்து ஆணையிடும் மேற்கூடு ஒன்று. சரக்கு ஏற்றும் மேற்கூடு ஒன்று. பீரங்கி தாங்கிய மேற்கூடு ஒன்று. பளுத்தூக்கி ஒன்று இருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஒன்றை எடுத்து மற்றொன்றை வைத்துவிடலாம் என்று செய்வோர் கூறுகின்றனர். என் பாட்டனாரின் கூண்டும் வண்டியும் எஃகு உருவம் எடுத்தாற்போல இல்லையா இது?

2006-ஆம் ஆண்டு ஜெர்மனி 272 வண்டிகளுக்கும், நெதர்லாந்து 200 வண்டிகளுக்கும் ஒப்பந்தம் செய்தன. 2009-இல் ஜெர்மன் படை முதல் வண்டியைப் பெற்றது. 2011-இல் அவை ஆப்கானிஸ்தானத்துக்குச் சென்றன. 2016-இல் லிதுவேனியா என்னும் சிறு நாடு இந்த வண்டியைத் தேர்ந்து, அதற்கு 'வில்கஸ்' என்று தன் மொழியில் பெயரிட்டது. ஓநாய் என்பது அதன் பொருள். லிதுவேனிய மொழியும் வடமொழியும் ஒரே குடும்பத்தின. ஓநாயைக் குறிக்கும் 'விருகம்' என்னும் வடசொல்லும் இதுவும் உடன்பிறப்புகள். வீமனுக்கு 'விருகோதரன்' என்று ஒரு பெயர் உண்டல்லவா? பால்டிக் கடற்கரையில் ஓடும் கவச வண்டியின் பெயருக்குள் பாரதக் கதைச் சொல் ஒன்று ஒளிந்திருப்பது எனக்கு மிக்க வியப்பைத் தந்தது.

ஆஸ்திரேலியா 2018-இல் 211 வண்டிகளுக்கு ஒப்பந்தம் செய்தது. பெரும்பாலானவற்றைத் தன் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று கேட்டு, குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் தொழிற்சாலையும் அமைக்கச் செய்தது. தன் மக்களுக்கு அந்தக் கைத்திறனைக் கற்பித்தது. பின்னர் நடந்தது யாது? 2024-இல் ஜெர்மனியே, பீரங்கி தாங்கிய வகையில் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகளை ஆஸ்திரேலியாவிலிருந்து வாங்க உடன்பட்டது. கற்றுக்கொடுத்தவர், கற்றவரிடம் வந்து வாங்கும் நிலை! ஆசிரியனாக இருந்தவனுக்கு இதைவிட இனிய செய்தி வேறு உண்டா?

இங்கிலாந்தின் கதை வேறு. அது முதலில் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்தது. 2003-இல், தனக்கு வேண்டியது இதுவன்று என்று விலகியது. பதினைந்து ஆண்டுகள் வேறு வழிகளில் முயன்றது. 2018-இல் மீண்டும் இதே திட்டத்துக்குத் திரும்பி, 2019-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு ஒப்பந்தம் செய்தது. இடைக்காலத்தில் விட்ட ஆண்டுகளை எந்தப் பணத்தாலும் மீட்க முடியாது. அடித்தளம் அமைக்கும் வேலையை இடையில் கைவிட்டவர், மீண்டும் தொடக்கத்துக்கே வரவேண்டும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இந்த ஏற்பாட்டில் குறையே இல்லையா? உண்டு. இரண்டு துண்டுகளாகச் செய்வதால் எடை கூடுகிறது, விலையும் கூடுகிறது. மாற்றுவதற்கு மேற்கூடுகளை உபரியாக வாங்கி வைக்க வேண்டும். போர்முனையில் நாள்தோறும் மேற்கூட்டை மாற்றிக்கொண்டிருப்பவர் எவரும் இலர். பெரும்பாலான வண்டிகள், ஏறிய கூட்டோடே பல ஆண்டுகள் ஓடுகின்றன. அப்படியாயின் பயன் யாது? அடிவண்டி பழுதுற்றால், மேற்கூட்டைக் கழற்றி நல்ல அடிவண்டியின்மேல் வைக்கலாம். இருபது ஆண்டு கழித்துப் புதிய கருவி ஒன்று தோன்றினால், வண்டி முழுவதையும் கழித்துவிட வேண்டியதில்லை. புதிய மேற்கூடு செய்தால் போதும். ஆகவே, இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை விரைந்து மாற்றுவது அன்று; காலம் மாறும்போது வீணாகாமல் இருப்பதே. இந்தச் சொற்றொடரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இதற்கு நான் திரும்பி வருவேன்.

நம் நாடு இதில் எங்கே நிற்கிறது? 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அங்கிருந்து 1965-இல் வெளிவந்த விஜயந்தா டாங்கி, ஆங்கிலேய நிறுவனம் ஒன்று வகுத்த அமைப்பைக் கொண்டது. நம்மவரே வகுத்த அர்ஜுன் டாங்கிக்கு 1974-இல் ஒப்புதல் கிடைத்தது. முதல் வண்டிகள் படையினரிடம் சேர்ந்ததோ 2004-இல். முப்பது ஆண்டுகள்! இத்தனை காலமா என்று பலர் எள்ளினர். அந்த முப்பது ஆண்டுகளில் எஃகு வார்க்கவும், கவசம் பொருத்தவும், பிழை கண்டு திருத்தவும் ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது என்பதை எள்ளியவர் எண்ணிப் பார்க்கவில்லை.

எட்டுச் சக்கரக் கவச வண்டி ஒன்றை நம் நாடும் செய்திருக்கிறது. இப்போது அகில்யாநகர் என்று பெயர் மாறியுள்ள அகமதுநகரில் இருக்கும் அரசு வாகன ஆராய்ச்சி நிலையமும் டாடா நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய அந்த வண்டி, 2014-ஆம் ஆண்டு தில்லியில் நடந்த பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சியில் மக்கள்முன் வந்தது. அது நிலத்திலும் ஓடும், நீரிலும் நீந்தும். பாக்ஸரைப்போல மேற்கூட்டை அப்படியே தூக்கி எடுக்கும் அமைப்பு அன்று அது. ஒரே அடிப்படை அமைப்பிலிருந்து, வீரரை ஏற்றும் வகை, காயமுற்றோரை ஏற்றும் வகை என்று பலவற்றைப் படைத்துக்கொள்ளும் அமைப்பு. ஒரே மாவிலிருந்து இட்டிலியும் தோசையும் வார்ப்பதைப் போன்றது என்க. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அந்த வகை வண்டிகளின் முதல் தொகுதி புனேயில் நம் தரைப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், மொராக்கோ நாட்டின் பெரெச்சித் என்னும் ஊரில், அந்த நாட்டுப் படைக்காக இதே வண்டியைச் செய்யும் டாடா தொழிற்சாலையை நம் பாதுகாப்பு அமைச்சர் திறந்துவைத்தார். விஜயந்தாவை அயலார் வரைபடத்தைப் பார்த்துச் செய்த நாடு, அறுபது ஆண்டுகளில் தன் வரைபடத்தை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்றது.

படைவண்டியைப் புகழ்வது போரைப் புகழ்வது ஆகாதா என்று சிலர் வருந்தக்கூடும். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூர் என்னும் ஊரில், 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், ஹைதர் அலி, திப்பு ஆகியோரின் படை கர்னல் பெய்லியின் படையை வளைத்து முறியடித்தது. ஆங்கிலேயரின் மருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்துச் சிதறியதே அந்தப் போரின் முடிவைத் தீர்மானித்தது என்பர். கம்பெனிப் படையில் நின்றவருள் மிகப் பலர் நம் நாட்டுச் சிப்பாய்களே. என் மாணவர்களை அந்த ஊருக்கு அழைத்துச் சென்று, ஆங்கிலேய அதிகாரிகளுக்கு எழுப்பிய நினைவுத் தூண்களைக் காட்டியிருக்கிறேன். "சிப்பாய்களின் பெயர் எங்கே, சார்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை.

ஆகவே, கவசம் என்பதை நான் வீரத்தின் சின்னமாகக் காணவில்லை. பெயர் பொறிக்கப்படாத அந்தச் சிப்பாயை உயிரோடு வீட்டுக்கு அனுப்பும் கருவியாகவே காண்கிறேன். இதை எனக்கு உணர்த்தியவர் என் பழைய மாணவர் ஒருவர். அவர் படையில் வண்டி ஓட்டுநராகக் காஷ்மீரத்தில் பணியாற்றியவர். விடுப்பில் வந்தவர் ஒருநாள் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு படம் வரைந்தார். படகின் அடியைப்போல நடுவில் கூர்ந்து இருபுறமும் ஏறிச் செல்லும் ஒரு வடிவம்.

"இதுதான் சார் எங்கள் வண்டியின் அடி. தட்டையாக இருந்தால், கீழே கண்ணிவெடி வெடிக்கும்போது முழு வேகமும் உள்ளே இருப்பவன்மேல் வந்துவிடும். இப்படிச் சரிவாக இருந்தால், வேகம் இரண்டு பக்கமும் பிரிந்து போய்விடும். இருக்கையைக்கூடத் தரையில் ஊன்ற மாட்டார்கள். பக்கச் சுவரிலோ கூரையிலோ தொங்கவிடுவார்கள். தரை அதிர்ந்தாலும் முதுகெலும்புக்கு வராது" என்றார்.

"நீ அப்படி ஒரு வெடியில் சிக்கியதுண்டா, தம்பி?" என்று கேட்டேன்.

சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "ஒரு தடவை சார். இரண்டு நாள் காது கேட்கவில்லை. முன்சக்கரம் எங்கேயோ போய் விழுந்தது. ஆனால் உள்ளே இருந்த அத்தனை பேரும் நடந்தே இறங்கினோம். வீட்டில் சொல்லவில்லை. நீங்களும் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றார்.

அடிப்பாகம் கூர்ந்த இந்த அமைப்பைத் தென்னாப்பிரிக்காவில் 1970-களில் கண்ணிவெடிகளுக்கு அஞ்சி வளர்த்தெடுத்தனர். அந்த நாட்டின் காஸ்பிர் என்னும் வண்டியை நம் படையும் வாங்கிப் பயன்படுத்தியது. அமெரிக்கரின் ஸ்ட்ரைக்கர், தட்டையான அடியோடு ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் உயிர்களை இழந்த பின்னரே, 2011-இல் இரட்டைச் சரிவு கொண்ட அடியைப் பெற்றது. மேலே எத்தனை துப்பாக்கி இருந்தால் என்ன? அடி சரியில்லை என்றால் உள்ளிருப்பவர் பிழைப்பதில்லை.

அன்பர்களே, இதுவரை வண்டியைப்பற்றிப் பேசினேன். இனி என்னைப்பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அது பெருமைக்குரிய செய்தி அன்று.

எங்கள் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துகள் ஊர்தோறும் வந்து இளைஞரை ஏற்றிச் செல்லும். பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மூன்று மாதப் பயிற்சி. பிறகு கையில் சம்பளம். ஏழைப் பெற்றோர் என்னிடம் வந்து, "மேலே படிக்க வைக்கவா, வேலைக்கு அனுப்பவா?" என்று கேட்பார்கள். நான் பலருக்கு, "வேலை வாசலில் வந்து நிற்கிறது, விடாதீர்கள்" என்று சொன்னேன். காலை வழிபாட்டுக் கூட்டத்திலும் அவ்வாறே பேசினேன். நல்லதைச் செய்கிறோம் என்றே நம்பினேன்.

அவர்களுள் ஒரு மாணவர், கணக்கில் பள்ளிக்கே முதல்வர். 2005-இல் பத்தாம் வகுப்பில் தேறினார். தந்தை இல்லை, தாய் நூறு நாள் வேலைகூட வந்திராத காலத்தில் கூலிக்குச் சென்றவர். அந்தப் பிள்ளைக்கு நானே நன்னடத்தைச் சான்று எழுதி, பயிற்சிக்கு அனுப்பினேன். வாகனங்களில் பொருத்தும் ஒரு சிறு கருவியைச் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. நகர்ந்து வரும் பட்டையின் முன் நின்று, நான்கு கம்பிகளை நான்கு துளைகளில் செருக வேண்டும். பதினோராண்டுகள் அதையே செய்தார். பிழையின்றிச் செய்தார், பரிசும் பெற்றார். பிறகு அந்தக் கருவி வழக்கொழிந்தது. புதிய வண்டிகளில் அதற்கு இடம் இல்லை. அந்தப் பிரிவை மூடி, கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். வேறு இடங்களில் வேலை கேட்டபோது, "பன்னிரண்டாம் வகுப்புச் சான்று உண்டா? வரைபடம் பார்க்கத் தெரியுமா? அளவி பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்கள். அவருக்குத் தெரிந்ததோ நான்கு கம்பிகள், நான்கு துளைகள். இரவுக் காவலர் ஆனார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். குறை சொல்ல வரவில்லை. "சார், என் பையன் வளர்கிறான். அவனை என்ன படிக்க வைக்கலாம்? நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும்" என்று கேட்டார். நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும்! அந்தச் சொற்கள் என்னைச் சுட்டதைப்போல வேறெதுவும் சுட்டதில்லை.

அன்று இரவு எனக்குத் தச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் அந்தப் பிள்ளைக்குக் கூண்டைக் கொடுத்தேன், வண்டியைக் கொடுக்கவில்லை. கூண்டு அழகாகத்தான் இருந்தது; உடனே பயன்பட்டது. ஆனால் அது கிழிந்தபோது, வேறு கூண்டைத் தாங்க அடியில் ஒன்றும் இல்லை. கணக்கு, மொழி, அறிவியல், வரைபடம் பார்க்கும் கண், பிழையைத் தானே கண்டு திருத்தும் பழக்கம் ஆகிய இவையே அடிவண்டி. இதைச் செய்யப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். பலருக்கு அதற்கும் மேலே ஆகும். ஒரு குறிப்பிட்ட எந்திரத்தை இயக்கும் பயிற்சி மேற்கூடு. அதைச் சில மாதங்களில் ஏற்றலாம். தேவை மாறினால் இறக்கி, வேறொன்றை ஏற்றலாம். அடிவண்டி இல்லாமல் மேற்கூட்டை மட்டும் வாங்கும் படை உலகில் எங்கும் இல்லை. பிள்ளைகளின் செய்தியில் மட்டும் நாம் அதைச் செய்கிறோம். நானே செய்தேன்.

தொழிற்கல்வி வேண்டா என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. கைத்திறன் இல்லாத படிப்பு, மேற்கூடே இல்லாத வண்டி. ஓடும், ஆனால் எவரையும் சுமக்காது. இரண்டும் வேண்டும், முறை மாறலாகாது என்பதே என் வேண்டுகோள். 2019-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து நகரங்களை அது இணைக்கிறது. நம் பிள்ளைகளை நாடி அங்கிருந்தும் அழைப்புகள் வரும். வரவேற்போம். ஆனால் அந்த வாயிலில் நிற்கும்போது, நம் பிள்ளையின் கையில் நான்கு கம்பிகள் மட்டும் இருக்கலாகாது. அவர் செய்யும் எஃகு அடிக்குள் வேறொரு தாயின் பிள்ளை அமர்ந்து செல்வார். அதன் சரிவில் ஒரு பிழை நேர்ந்தால் அவர் நடந்து இறங்க மாட்டார். அந்தப் பிழையைக் கண்டு, "இது சரியில்லை" என்று சொல்லும் அறிவும் துணிவும் மூன்று மாதத்தில் வருவன அல்ல.

அந்த மாணவருக்கு நான் என்ன விடை சொன்னேன் என்று கேட்பீர்கள். "உன் மகனைப்பற்றிப் பிறகு பேசுவோம், தம்பி. முதலில் நாளை மாலையிலிருந்து நீ வா" என்றேன். காவற்பணிக்குச் செல்லுமுன் ஒரு மணி நேரம் வருகிறார். தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதினார். மற்றப் பாடங்களில் தேறிவிட்டார். கணக்கு மட்டும் எஞ்சி நிற்கிறது. பள்ளிக்கே முதல்வராக இருந்தவருக்குக் கணக்கு எஞ்சி நிற்கக் காரணம், இருபது ஆண்டுகள் அதைத் தொடாமல் இருந்ததே. துருப்பிடித்த அச்சுக்கு எண்ணெய் இட வேண்டும், பொறுமையும் வேண்டும். மகன் அருகில் அமர்ந்து தன் பாடத்தை எழுதுகிறான். சில நாள்களில், தந்தையின் விடை சரியா என்று எட்டிப் பார்க்கிறான்.

என் பாட்டனாரின் வண்டி இப்போது இல்லை. அது நின்ற கொட்டில் இருந்த இடத்தில் அகன்ற சாலை ஒன்று செல்கிறது. அதன் வழியே புதிய லாரிகள், மேலே ஒன்றும் பொருத்தாமல், வெறும் சட்டமும் எஞ்சினுமாக வரிசையாகப் போவதைக் காண்கிறேன். அவற்றை வாங்குவோர், தத்தம் தேவைக்கேற்ப மேலே கட்டிக்கொள்வர்: ஒருவர் தண்ணீர்த் தொட்டி, ஒருவர் சரக்குப் பெட்டி, ஒருவர் தீயணைக்கும் கருவி. அவற்றைக் காணும்போதெல்லாம், நம் பள்ளிகளும் இப்படித்தான் பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்று எண்ணுகிறேன். எதை ஏற்றினாலும் தாங்கும் சட்டம். எந்தச் சாலையிலும் ஓடும் சக்கரம். மேலே எதைக் கட்டுவது என்பதைக் காலம் சொல்லட்டும்.